கையா, வட்டா: டிஸ்க் கோல்ஃபில் தூரம் பற்றிய தீராத வழக்கு

டிஸ்க் கோல்ஃப் பழகத் தொடங்குபவர் சில வாரங்களுக்குள் ஒரு முறையீட்டோடு வந்து நிற்கிறார். கூட ஆடுபவரின் வட்டு 100 மீட்டரை எட்டி இறங்குகிறது. தன்னுடையதோ 50, 60 மீட்டரில் மேலே ஏறி, தயங்கி, இடப்பக்கம் மடங்கி விழுகிறது. தோளில் பலம் இல்லாமல் இல்லை, முயற்சியிலும் குறைவில்லை. அந்தப் பலமெல்லாம் எங்கே போய்விடுகிறது? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பதில்கள் குவிந்துகொண்டே இருக்கின்றன. எறியும் முறையை மாற்று என்கிறது ஒரு தரப்பு. வட்டை மாற்று என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், இரண்டிலும் வியாபாரமும் இருக்கிறது.

ஆட்டம் எளிது. பந்துக்குப் பதில் வட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை; குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டவர் வென்றார். வட்டு என்றதும் தமிழில் ஒலிம்பிக் வட்டெறிதல்தான் நினைவுக்கு வரும். ஆண்கள் எறியும் அந்த வட்டு 2 கிலோ. இங்கே கையில் இருப்பது பெரும்பாலும் 180 கிராமுக்கு உட்பட்ட பிளாஸ்டிக். எடையைத் தள்ளுவது இங்கே சிரமமில்லை, காற்றில் நிறுத்தி வைப்பதுதான் சிரமம். கட்டுரையில் வரும் இடம், வலம் எல்லாம் வலக்கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுசென்று வீசும் பேக்ஹேண்ட் முறையில் எறிபவருக்கானவை. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

வட்டு ஒரே வகையாக இருந்த காலம்

1957-இல் அமெரிக்காவின் வாம்-ஓ நிறுவனம் ஃபிரெட் மாரிசன் வடிவமைத்த 'புளூட்டோ பிளாட்டர்' வட்டை விற்கத் தொடங்கியது. ஃபிரிஸ்பீ என்ற பெயரும் அந்த ஆண்டே ஒட்டிக்கொண்டது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், வட்டின் மேற்புறத்தில் வளைய வரிகளைச் சேர்த்துப் பறப்பை நிதானப்படுத்தினார். அதற்கான காப்புரிமை 1967-இல் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவரும், 1976-இல் பிடிஜிஏ என்ற தொழில்முறைச் சங்கத்தைத் தொடங்கியவரும், சங்கிலிக் கூடைக்குக் காப்புரிமை பெற்றவரும் அவரே. 2002-இல் அவர் இறந்தபின் அவருடைய சாம்பலையே வட்டுகளில் கலந்து வார்த்தார்கள் என்பது இந்த ஆட்டக்காரர்களின் பற்றுக்கு ஓர் அளவுகோல்.

அந்தக் காலத்தில் எல்லோர் கையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி வட்டுதான்: அகலமான, விளிம்பு மழுங்கிய, மிதக்கும் வட்டு. அதனால் தூரம் என்பது முழுக்கவும் கையைப் பற்றிய பேச்சாக இருந்தது. 1983-இல் டேவ் டுனிபேஸும் கூட்டாளிகளும் தொடங்கிய இன்னோவா நிறுவனம் 'ஈகிள்' என்ற வட்டை வெளியிட்டதும் வழக்கு இரண்டாகப் பிரிந்தது. அதன் விளிம்பு கூராகச் சரிந்திருந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து வட்டுகள் குறுகியும் விளிம்பு அகன்றும் கூராகியும் வந்திருக்கின்றன. பிடிஜிஏ விதிகள் இதற்கு எல்லை போட்டிருக்கின்றன: விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக் கூடாது, விளிம்பின் அகலம் 2.6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, எடை ஒரு செ.மீ. விட்டத்துக்கு 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தூர எறிக்கான சிறிய 'டிரைவர்' வட்டுகள் 175 கிராம் அளவில் நின்றுவிடுவதற்கு இந்தக் கணக்கே காரணம். சங்கம் அளப்பது உருவம், எடை போன்றவற்றை மட்டும்தான், வட்டு எப்படிப் பறக்கும் என்பதற்கு அது சான்று தருவதில்லை. பின்னால் வரும் குழப்பத்தில் பாதிக்கு இதுவே வேர்.

காற்று என்ன சொல்கிறது

இரு தரப்பையும் கேட்பதற்கு முன் இயற்பியலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வட்டு ஒரு சிறகு; முன்விளிம்பு சற்று உயர்ந்திருந்தால் காற்று அதைத் தூக்குகிறது. அது ஒரு பம்பரமும்கூட. சுழற்சி இல்லாவிட்டால் அரைநொடியில் புரண்டுவிடும். பம்பரத்தின் குணம் விசித்திரமானது. ஒரு பக்கம் தள்ளினால் அது வேறு பக்கம் சாயும். வட்டின் முன்விளிம்பைக் காற்று மேலே நெம்பினால் மூக்கு நிமிர்வதில்லை, வட்டு முழுதும் இடப்பக்கம் சாய்கிறது. கீழே அழுத்தினால் வலப்பக்கம்.

கையிலிருந்து விரைவாகப் புறப்படும் வட்டைக் காற்று ஏறத்தாழ தட்டையாகச் சந்திக்கிறது. அப்போது தூக்குவிசையின் மையம் வட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது, மூக்கு அழுத்தப்படுகிறது, வட்டு வலப்பக்கம் சாய முனைகிறது. வேகம் தணிந்து வட்டு இறங்கத் தொடங்கியதும் காற்று அடியிலிருந்து தாக்குகிறது, மையம் முன்னால் நகர்கிறது, வட்டு இடப்பக்கம் மடங்குகிறது. நல்ல எறி நீண்டு கிடந்த 'எஸ்' எழுத்துப்போல் வளைவது இதனால்தான். புதியவரின் எறியில் அந்த எழுத்தின் பிற்பாதி மட்டுமே எழுதப்படுகிறது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் பாட்ஸும் வில்லியம் கிரௌதரும் காற்றுச் சுரங்கத்தில் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. தூக்குவிசையிலும் இழுவிசையிலும் சுழற்சியின் நேரடி விளைவு சிறிதே என்று அது காட்டியது. அதிகம் சுற்றினால் அதிகம் மிதக்கும் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்ததற்கு இது இடித்துரை. சுழற்சி வட்டைச் சுமப்பதில்லை, சாயாமல் காக்கிறது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சாரா ஹம்மல் எறிபவரின் உடலசைவையும் வட்டின் பறப்பையும் சேர்த்து ஆராய்ந்தார். இரண்டுமே ஃபிரிஸ்பீ வகை வட்டுகளைப் பற்றியவை. கூரிய விளிம்புள்ள இன்றைய டிரைவருக்கு அந்த எண்களை அப்படியே பொருத்துவது பிழையாகும். போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

"கையை மாற்று" என்போர்

மூத்தது மணிக்கட்டுக் கட்சி. ஃபிரிஸ்பீ நாட்களின் வாரிசு அது. வட்டை விடும் கணத்தில் மணிக்கட்டைச் சுண்டிவிடு, தூரம் தானே வரும் என்பது அதன் உபதேசம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நெடுந்தூரம் எறிபவர்களின் வட்டு புறப்படும்போது துணியை உதறினாற்போல் ஓர் ஒலி கேட்கும். குறை என்னவென்றால், இக்கட்சி விளைவையே காரணமாக எடுத்துக்கொண்டது. மணிக்கட்டு அப்படித் திறந்து மூடுவது பெரும்பாலும் முன்கை வந்த வேகத்தால். வேகமே இல்லாத கையில் மணிக்கட்டை மட்டும் முறுக்கினால் மிஞ்சுவது மூக்கு தூக்கிய தள்ளாட்டம்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வழி பிறந்தபின் முழங்கைக் கட்சி வலுத்தது. வட்டை முதுகுப் பக்கமிருந்து ஒரே இழுப்பில் இழுத்துவராதே. நெஞ்சின் வலப்புறம்வரை நிதானமாகக் கொண்டுவா. முழங்கை முன்னால் போகட்டும். அங்கிருந்து முன்கை சாட்டையாக விரியட்டும் என்றது அது. புதியவர்களுக்கு இதுவரை கிடைத்த பாடங்களில் உடனடிப் பலன் தந்தது இதுதான் என்று சொல்லலாம். வட்டு உடலைச் சுற்றி வளைந்து வருவது அவர்களிடம் மிகப் பொதுவான பிழை. வளைந்து வரும் கை பாதி வேகத்தைத் திசைமாற்றத்திலேயே செலவிட்டுவிடுகிறது.

மூன்றாவது, காலிலிருந்து தொடங்கும் கட்சி. பேஸ்பால், ஈட்டி எறிதல் ஆய்வுகளிலிருந்து வந்த கருத்து இது: தரையிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து தோள், தோளிலிருந்து முழங்கை, கடைசியில் கை என வேகம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிச் செல்கிறது. முன்காலை ஊன்றி உடலைச் சட்டென நிறுத்துவதே கையை விசையோடு வீசவைக்கிறது என்கிறார்கள். கொள்கையளவில் இதை மறுப்பவர் இன்று அநேகமாக இல்லை. ஆனால் கற்பிப்பதில்தான் பூசல். வலது இடுப்பு, இடது தோள், பின்காலின் பெருவிரல் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு எறிகிற மாணவர் எதையும் எறிவதில்லை. நான்கு எட்டு ஓடிவந்து எறியும் முறையையும் இதே கட்சி பரப்பிற்று. நின்றபடி எறிந்தாலே தூரத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடும், ஓட்டம் கூட்டுவது மிச்சத்தைத்தான் என்பது பல பயிற்சியாளர்களின் மதிப்பீடு. அது சரியாக இருக்குமானால், முதல் வருடத்தில் ஓடிவந்து எறியப் பழகுவது வீடு கட்டுமுன் மாடிக்கு ஏணி வாங்குவதுதான்.

நான்காவது கட்சி அண்மையில் உருவானது; அதன் ஆயுதம் அளவுக்கருவி. டெக்டிஸ்க் என்ற வட்டுக்குள் உணரிகள் வைத்திருக்கிறார்கள். எறிந்ததும் வேகம், சுழற்சி, பக்கச் சாய்வு, மூக்குக் கோணம் எல்லாம் எண்ணாகக் கைப்பேசியில் வந்துவிடும். கண்ணுக்குத் தப்பிவந்த ஒரு குற்றவாளியை இந்தக் கட்சி பெயர் சொல்லிக் காட்டியது: மூக்கு. வட்டு போகும் பாதையைவிட அதன் முன்விளிம்பு சில பாகை உயர்ந்திருந்தால் போதும், வட்டு தன் வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டு முன்னேறாமல் நின்றுவிடும். வட்டை உயரத்தில் ஏவுவதும் மூக்கைத் தூக்குவதும் வேறுவேறு. ஏவும் பாதை மேல்நோக்கி இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மூக்கு அந்தப் பாதையோடு ஒட்டியோ சற்றுத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். இதை ஒரே மூச்சில் கையால் செய்வதுதான் கடினம். தேநீர் ஊற்றுவதுபோல் மணிக்கட்டைச் சாய்த்துக்கொள், பூட்டில் சாவி திருப்புவதுபோல் முன்கையைத் திருப்பு என்றெல்லாம் பயிற்சியாளர்கள் சொல்வது இதற்காக. வட்டு உள்ளங்கையில் எந்தக் கோட்டில் படிகிறது என்பதும், அதாவது பிடியே, இதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. அளவுக் கட்சியின் குறை வெளிப்படை. கருவி என்ன பிழை என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. எண்ணைத் துரத்தி எறிபவர் வேகத்தைக் கூட்டிக் குறியை இழப்பதும் நடக்கிறது.

"வட்டை மாற்று" என்போர்

வட்டுகளை விளிம்பின் அகலத்தை ஒட்டி நான்கு குடும்பமாகப் பிரிப்பது வழக்கம். கூடைக்கு அருகே போடும் பட்டர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், அதற்கு மேல் ஃபேர்வே டிரைவர், உச்சியில் டிஸ்டன்ஸ் டிரைவர். கடையில் புதியவரின் கை தானாகப் போவது கடைசிக் குடும்பத்திடம்தான். பெயரிலேயே தூரம் இருக்கிறதே!

அந்தத் தேர்வுக்கும் வாதம் இல்லாமல் இல்லை. கூரிய வட்டுக்கு இழுவிசை குறைவு. தொழில்முறை ஆட்டக்காரர் எல்லோரும் அதையே எறிகிறார்கள். பழக வேண்டியதை முதலிலேயே பழகினால் என்ன? ஆனால் இவ்வகை வட்டு தன் குணத்தைக் காட்ட ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. அது கிடைக்காவிட்டால் முதல் வளைவு நடப்பதே இல்லை, வட்டு நேரே மடக்கத்துக்குப் போய்விடுகிறது. அகன்ற விளிம்பைப் பிடிப்பது சிறிய கைக்குச் சிரமம் என்பது வேறு. மூக்குத் தூக்கலையும் இது மன்னிப்பதில்லை. இருந்தும் இவ்வகையை எறியும் புதியவர், இடப்பக்கம் மடங்கும் வட்டுக்கு ஈடுகட்ட வலப்பக்கம் குறிபார்க்கப் பழகிக்கொள்கிறார். ஒரு பிழை இன்னொன்றைத் தாங்கி நிற்கிறது.

எதிர்முனையில் இருப்பது பட்டர் விரதம். சில மாதங்களுக்குப் பட்டரும் மிட்ரேஞ்சும் மட்டும். 60, 70 மீட்டர் நேராகப் போகும்வரை டிரைவரைத் தொடாதே. மெதுவான வட்டு பிழையை ஒளிக்காது என்பது இதன் அடிப்படை. தள்ளாடினால் தெரியும், சாய்ந்தால் தெரியும். பழைய ஃபிரிஸ்பீ கால ஒழுக்கம் இதில் மறுபிறவி எடுத்திருக்கிறது. இதன் பலவீனம் சலிப்பு மட்டுமல்ல. தடித்த ஆழமான பட்டர் விளிம்பில் விரல் படியும் விதமும் டிரைவரில் படியும் விதமும் ஒன்றல்ல. ஒன்றில் கற்றது மற்றொன்றுக்கு எவ்வளவு கைமாறும் என்பதை யாரும் திருத்தமாக அளந்து காட்டவில்லை. சென்னைக் கடற்கரையில் அல்டிமேட் என்ற அணி வட்டு ஆட்டம் ஆடிப் பழகியவர்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் கையிலிருக்கும் 175 கிராம் வட்டு 27 செ.மீ. அகலம், சுழற்சியும், உள்ளங்கை முன்னோக்க எறியும் ஃபோர்ஹேண்டும் அதில் நன்றாகக் கைவந்துவிடுகின்றன. ஆனால் ஓடிப் பிடிப்பவருக்காக வட்டை மிதக்கவிடும் பழக்கம் கூரிய டிரைவரில் அப்படியே மூக்குத் தூக்கலாக முடியும். கைமாறுவது நல்லது மட்டும் அல்ல.

இரண்டுக்கும் நடுவே, அதிக ஆதரவோடு நிற்பது ஃபேர்வேக் கட்சி. இன்னோவாவின் லெப்பர்ட் போல, எளிதில் வலப்பக்கம் திரும்பும் அண்டர்ஸ்டேபிள் வட்டு ஒன்று, நேராகப் போகும் மிட்ரேஞ்ச் ஒன்று, ஒரு பட்டர். அந்நிறுவனத்தின் தொடக்கப் பொதியிலேயே லெப்பர்ட், ஷார்க், அவியார் என்ற இந்த வரிசைதான். மெதுவான கையில் லெப்பர்ட் 'எஸ்' எழுத்தின் முற்பாதியையும் எழுதிக் காட்டும், அதனால் தூரம் உடனே கூடும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. எளிதில் வலப்பக்கம் திரும்பும் வட்டு, எறிபவர் இடப்பக்கம் சாய்த்து விடும் பழக்கத்தை மூடிமறைத்து நேர்க்கோடாகக் காட்டிவிடக்கூடும்.

எடை பற்றிய பூசல் இதன் கிளை. 150 கிராம் வட்டைக் கை விரைவாக வீசலாம், அது சீக்கிரம் திரும்பவும் செய்யும். சிறுவர்களுக்கும் மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கும் அது தெளிவான உதவி. எதிர்காற்று வந்தால் அதே வட்டு காகிதமாகிவிடும். பிளாஸ்டிக்கும் அப்படியே. இன்னோவாவின் டிஎக்ஸ் போன்ற விலை குறைந்த வகைகள் கைக்குப் பிடிப்பாக இருக்கும், மரத்தில் மோதி மோதித் தேய்ந்து மேலும் அண்டர்ஸ்டேபிள் ஆகும். விலை உயர்ந்தவை பல ஆண்டுகள் தாங்கும், பெரும்பாலும் அதே அச்சில் வார்த்த மலிவு வட்டைவிடப் பிடிவாதமாக மடங்கும். புதியவருக்கு மலிவானதே பொருத்தமாக அமைவது இந்த ஆட்டத்தின் அபூர்வமான கருணைகளில் ஒன்று.

நான்கு எண்களும் ஓர் அநாமதேயக் கையும்

வட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். இன்னோவா பரப்பிய முறை இது: வேகம், மிதப்பு, திரும்பல், மடக்கம். அவியார் பட்டருக்கு 2, 3, 0, 1. லெப்பர்ட்டுக்கு 6, 5, -2, 1. டெஸ்ட்ராயர் என்ற டிஸ்டன்ஸ் டிரைவருக்கு 12, 5, -1, 3. எதிர்மறை எண் பெருகப் பெருக வலத் திரும்பல் அதிகம். கடைசி எண் பெருகினால் இட மடக்கம் அதிகம்.

பயனுள்ள சுருக்கெழுத்துதான். ஆனால் அதைச் சோதித்துச் சான்றளிக்கும் பொது அமைப்பு கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வட்டுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு வட்டுகளே பிளாஸ்டிக்கையும் வார்ப்பையும் பொறுத்து வேறுபடும். இவற்றைவிடப் பெரிய சிக்கல், அந்த எண்கள் ஒரு கையை ஊகித்துக்கொண்டு எழுதப்பட்டவை என்பது. 12 வேகம் என்றால் வட்டு அவ்வளவு வேகமாகப் போகும் என்று புதியவர் படிக்கிறார். இவ்வளவு வேகமாக எறிந்தால்தான் மற்ற மூன்று எண்களும் செல்லுபடியாகும் என்பதே அதன் பொருள். வேகம் குறைந்தால் -1 என்ற திரும்பல் காணாமல் போகும், 3 என்ற மடக்கம் 5 போல் நடந்துகொள்ளும். எதிர்காற்றில் வட்டு சந்திக்கும் காற்றுவேகம் கூடுவதால் அதே வட்டு எண்ணில் உள்ளதைவிட அதிகம் திரும்பும். கொலராடோ போன்ற உயர்ந்த மலைநிலத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே வட்டு பிடிவாதமாக மடங்கும்.

சாதனைத் தூரங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2016 மார்ச்சில் நெவாடாவின் பிரிம் பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் எறிந்த 338 மீட்டர், முதுகுக் காற்றுக்காகவே தேர்ந்தெடுத்த இடத்தில் நிகழ்ந்தது. அந்த எண்ணை வைத்து வட்டு வாங்குபவர் பாலைவனத்தையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

இரண்டு வழக்கும் ஒன்றே

ஆக, பறப்பு வட்டின் சொத்து அல்ல. கைக்கும் வட்டுக்கும் காற்றுக்கும் இடையே ஒவ்வொரு எறியிலும் புதிதாக ஏற்படும் உறவு அது. இதை ஏற்றுக்கொண்டால் கையா வட்டா என்ற வழக்கின் வடிவமே மாறிவிடுகிறது. புதியவருக்கு வட்டு தூரம் தரும் பொருளாக இருப்பதைவிட, தன் கை என்ன செய்தது என்று சொல்லும் சாட்சியாக இருப்பது முக்கியம். டெஸ்ட்ராயர் எப்படி எறிந்தாலும் இடப்பக்கம் என்றே சொல்கிறது. ஒரே வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சாட்சியை வைத்து விசாரணை நடத்த முடியாது. பட்டர் உள்ளதைச் சொல்கிறது, ஆனால் குறைந்த வேகத்தின் எல்லைக்குள். அண்டர்ஸ்டேபிள் ஃபேர்வே சில நேரம் முகமனுக்காகப் பொய் சொல்லும். மூன்றில் பட்டரையும் ஃபேர்வேயையும் மாற்றி மாற்றி எறிந்து இரண்டின் வாக்குமூலங்களையும் ஒப்பிடுவது இப்போதைக்கு வலுவான வழியாகத் தோன்றுகிறது. வட்டு தயங்கி மேலேறினால் மூக்கு, புறப்பட்டதுமே தள்ளாடினால் பிடியும் மணிக்கட்டும், அந்த ஃபேர்வே கடைசிவரை வலப்பக்கமே போனால் கையின் வேகம் அதைத் தாண்டிவிட்டது என்று ஓரளவு நம்பிக்கையோடு படிக்கலாம். அந்த மூன்றாவது குறி தொடர்ந்து தென்படும்போதுதான் அடுத்த குடும்பத்து வட்டுக்கு வேளை வந்திருக்கிறது. 300 அடி, அதாவது ஏறத்தாழ 90 மீட்டர் தாண்டினால் டிஸ்டன்ஸ் டிரைவர் வாங்கலாம் என்ற பரவலான விதி இந்தக் குறியின் தோராயமான நிழல்.

தீராதவை

மெதுவான வட்டில் தொடங்கியவர்கள் ஈராண்டு கழித்து மற்றவர்களைவிடத் தூரம் எறிகிறார்களா என்பதற்கு நம்பத்தக்க நீண்டகால ஒப்பீடு இல்லை. இருப்பவை பயிற்சியாளர்களின் அனுபவமும் ஆட்டக்காரர்களின் நினைவும். விரதத்தைப் பாதியில் விட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. சுழற்சியின் பங்கும் முடிவாகவில்லை. காற்றுச் சுரங்கம் அதைச் சிறிதாக்கிக் காட்டியது. ஆனால் வேகமான கூரிய வட்டில் சாய்வைத் தாமதப்படுத்தியே அது எத்தனை மீட்டர் சேர்க்கிறது என்பது வேறு கேள்வி. உடலசைவைக் காலிலிருந்து கற்பிப்பதா, கையிலிருந்து பின்னோக்கிப் போவதா என்பதில் பயிற்சியாளர்களிடையே உடன்பாடு எட்டப்படவில்லை. பாடங்கள் பெரும்பாலும் நெடிய கைகளுள்ள இளம் ஆண்களின் வீடியோக்களிலிருந்து வார்க்கப்பட்டவை. ஐம்பது வயதில் தொடங்கும் பெண்ணுக்கு அதே வரிசை பொருந்துமா என்று சோதித்தவர்கள் குறைவு. உணரி வட்டுகள் இப்போது எறிகளை எண்ணாகச் சேர்த்துவைக்கின்றன. அவற்றில் புதியவர்களின் எறி எவ்வளவு, ஏற்கெனவே நன்றாக எறிபவர்கள் விலை கொடுத்து வாங்கி எறிந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வேலை மிச்சமிருக்கிறது.